வயித்து செல்லும் மூளை நோயும்: இந்த ரிசர்ச் வேலைக்கு இலங்கை மலைநாட்டுல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு முழு வழிகாட்டி

எங்க அம்மாயிக்கு கை நடுங்க தொடங்கினது எங்களுக்கு தெரிய வந்ததே தேத்தண்ணி கோப்பை தட்டுல டக டகன்னு அடிக்கிற சத்தத்த கேட்டுதான். அப்ப அவங்களுக்கு 68 வயசு, கொழுந்து எடுக்கிறத விட்டு பத்து வருசத்துக்கு மேல. முதல்ல பாத்தவங்க வயசு போனா இப்படித்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்புறம் கண்டிக்கு கூட்டிட்டு போனப்போ அங்க இருந்த டொக்டர் கைய பாத்தாரு, நடக்க சொன்னாரு, பிறகு சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு கேள்வி கேட்டாரு, வெளிக்கு ஒழுங்கா போறாங்களா அம்மா? எங்கம்மா வெக்கப்பட்டு சிரிச்சிட்டு, அது பதினைஞ்சு வருசமா இல்லீங்க டொக்டர்ன்னாங்க. அவர் தலைய ஆட்டிட்டு பார்க்கின்சன்னு எழுதினாரு.

கைக்கும் வெளிக்கு போறதுக்கும் என்ன சம்பந்தம்னு அன்னைக்கு பஸ்ல வரும்போதெல்லாம் யோசிச்சிட்டே வந்தேன், இன்னைக்கு அதே கேள்விய வச்சி ஜெர்மனில ஒரு லெப்ல மூணாவது வருசம் பிஎச்டி பண்றேன். குடல்ல இருக்கிற நோய் எதிர்ப்பு செல்களுக்கும் மூளை நரம்பு அழியிற நோய்களுக்கும் என்ன தொடர்புங்கிறதுதான் வேலை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கத்து தம்பி தங்கச்சிங்க கொஞ்ச பேர் அக்கா இது எப்படி கிடைச்சிச்சின்னு கேட்டுட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா வொய்ஸ் மெசேஜ் போட்டு களைச்சிட்டேன், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதுறேன். நீளம்தான், பொறுமையா வாசிங்க.

யாருக்கு இது: பயோ செய்து கெம்பஸ் முடிச்சவங்க, இல்ல கடைசி வருசத்துல இருக்கிறவங்க. பிஎஸ்ஸி, எம்எல்டி, எம்பிபிஎஸ், வெட்னரி எதுவா இருந்தாலும் சரி.

1. முதல்ல விசயம் என்னன்னு தெரிஞ்சிக்கோங்க

இத தாண்டி போயிட்டு நேரா சிவி எழுத உக்காராதீங்க. நிறைய பேர் விழுறது இங்கதான்.

குடலுக்கு உள்பக்கத்து படை ஒரே ஒரு செல் தடிப்புதான். அந்தப்பக்கம் சாப்பாடும் கோடி கோடியா பக்டீரியாவும், இந்தப்பக்கம் நம்ம உடம்பு. அந்த படைக்கு அடியில லேமினா புரோப்ரியான்னு ஒரு இடம் இருக்கு, அதுல டி செல், பி செல், ஐஜிஏங்கிற அன்டிபொடிய சுரக்கிற பிளாஸ்மா செல், கிருமிய விழுங்குற மேக்ரோபேஜ்னு எதிர்ப்பு செல்லுங்க எல்லாம் நெருக்கிட்டு இருக்கும். அங்கங்க பேயர்ஸ் பேட்ச்னு சின்ன சின்ன மேடு, அது இந்த செல்லுங்களுக்கு பள்ளிக்கூடம் மாதிரி. இன்னும் கொஞ்சம் வெளிய தசை படைல இன்னொரு வகை மேக்ரோபேஜ், அது குடல் நரம்புக்கு பக்கத்துலயே குடியிருக்கும். குடல்ல இருந்து மூளைக்கு நேரா போற லைன் வேகஸ் நரம்பு.

ஒரு எச்சரிக்கை. உடம்போட எதிர்ப்பு செல்லுல நூத்துக்கு 70 குடல்ல இருக்குன்னு எல்லா இடத்துலயும் எழுதியிருப்பாங்க, அத அப்படியே கவர் லெட்டர்ல போடாதீங்க. 2023ல உடம்பு பூரா கணக்கெடுத்து பாத்த ஒரு ஆய்வு எலும்பு மஜ்ஜையிலயும் நிணநீர் மண்டலத்துலயும்தான் அதிகம்னு சொல்லிச்சி, குடல்ல குவிஞ்சி கிடக்கிறது முக்கியமா பிளாஸ்மா செல். இது தெரிஞ்ச ப்ரொஃபெசர் உங்க லெட்டர்ல 70ன்னு பாத்தா சிரிச்சிட்டு அடுத்ததுக்கு போயிடுவாரு.

இப்ப கதைக்கு வருவோம். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ல இந்த நடுக்கத்த பத்தி எழுதும்போதே மலச்சிக்கலையும் குறிச்சி வச்சிருக்காரு. அதுக்கப்புறம் ரொம்ப காலம் எல்லாரும் மூளையவே பாத்துட்டு இருந்தாங்க, டோபமின் சுரக்கிற மூளை செல் சாகுது, அதுக்குள்ள ஆல்ஃபா சைநியூக்ளின்னு ஒரு புரோட்டீன் கட்டி கட்டியா சேருதுன்னு. 2003ல பிராக்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானியும் அவரோட ஆக்களும், இந்த கட்டி குடல் நரம்புலயோ மூக்கு பக்கமோ தொடங்கி மெதுவா மேல ஏறி வரலாம்னு சொன்னாங்க. 2015ல டென்மார்க்ல அந்த காலத்துல வயித்துப்புண்ணுக்கு வேகஸ் நரம்ப வெட்டினவங்களோட பதிவுகள எடுத்து பாத்தா, நரம்ப முழுசா வெட்டினவங்களுக்கு பிற்காலத்துல பார்க்கின்சன் வர்றது கொஞ்சம் குறைவா இருந்திச்சி, ஒரு பகுதி மட்டும் வெட்டினவங்கள்ல அப்படி தெரியல.

2016ல கலிஃபோர்னியால, மனுச ஆல்ஃபா சைநியூக்ளின் கூடுதலா சுரக்கிற எலிகள பக்டீரியாவே இல்லாம வளர்த்தாங்க, அதுங்களுக்கு நடக்கிற கஷ்டம் குறைஞ்சிச்சி, பார்க்கின்சன் நோயாளியோட குடல் பக்டீரியாவ குடுத்தா மோசமாச்சி. 2017ல நோயாளிங்களோட ரத்தத்துல இருக்கிற டி செல்லே ஆல்ஃபா சைநியூக்ளின் துண்ட எதிரியா அடையாளம் காணுதுன்னு காட்டினாங்க. 2019ல கனடால, பரம்பரையா வர்ற பார்க்கின்சனோட தொடர்புள்ள பிங்க்1 ஜீன் இல்லாத எலிக்கு ஒரு சாதாரண குடல் இன்ஃபெக்சன் குடுத்தா மைட்டோகொண்ட்ரியாவுக்கு எதிரான டி செல் கிளம்பி, பிறகு நடையில கோளாறு வருதுன்னு வந்திச்சி, அதுவும் பார்க்கின்சன் மருந்தான எல்-டோபா குடுத்தா சரியாகுற கோளாறு. எல்ஆர்ஆர்கே2ன்னு ஒரு ஜீன், அதுல வர்ற மாற்றங்கள் பார்க்கின்சனுக்கும் குடல் அழற்சி நோயான குரோன்ஸுக்கும் ரெண்டுக்கும் தொடர்புள்ளது. இத்தனையையும் வரிசையா வச்சி பாத்தா இந்த துறை ஏன் திடீர்னு இவ்வளவு சூடாச்சின்னு விளங்கும்.

பார்க்கின்சன் மட்டும் இல்ல. எதிர்ப்பு செல்லே நரம்போட உறைய தாக்குற மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்ல, குடல்ல பழகின ஐஜிஏ பிளாஸ்மா செல் மூளைக்கு போய் அழற்சிய தணிக்குதுன்னு 2019ல எலில காட்டினாங்க, அப்ப குடல் செல் மூளைக்கு போனாலே கெடுதல்னு சொல்ல ஏலாது. எனக்கு ரொம்ப பிடிச்சது ஏஎல்எஸ் கதை, அது தசைய இயக்கிற நரம்பு செல் சாகுற நோய். அதோட தொடர்புள்ள சி9ஓஆர்எஃப்72 ஜீன்ல குறை உள்ள எலிய ஒரே நகரத்துல ரெண்டு எலிக்கூடத்துல வளர்த்தா ஒரு கூடத்துல சீக்கிரம் சாகுது, மத்த கூடத்துல நல்லா இருக்குது. தேடி பாத்தா குடல் பக்டீரியாதான் வித்தியாசம். 2020ல வந்திச்சி. எலி செத்ததுக்கு காரணம் ஜீனா கூடான்னு ஒரு லெப் பூரா தலைய பிச்சிட்டு இருந்திருப்பாங்க.

எதிர் வாதமும் தெரிஞ்சிருக்கணும். எல்லா பார்க்கின்சனும் குடல்ல தொடங்குதுன்னு யாரும் நிரூபிக்கல, உடம்புல முதல்ல தொடங்குறது ஒரு வகை மூளைல முதல்ல தொடங்குறது இன்னொரு வகைன்னு இப்ப பிரிச்சி பேசுறாங்க. நோயால குடல் நரம்பு பழுதாகி அதனால பக்டீரியா மாறியிருக்கவும் இடம் இருக்கு, குடிக்கிற மருந்தாலயும் மாறும். இத நீங்களா சொன்னீங்கன்னா இன்டர்வியூல பாதி கிணறு தாண்டிட்டீங்க.

2. விளம்பரத்த பிரிச்சி மேயுங்க

விளம்பரத்துல பதவி என்னன்னு பாருங்க. ரிசர்ச் அசிஸ்டன்ட்னா சம்பளத்துக்கு வேலை, டிகிரி கிடைக்காது. பிஎச்டின்னா மூணு நாலு வருசம். போஸ்ட்டொக்னா பிஎச்டி முடிச்சிருக்கணும், அதுக்கு பிஎஸ்ஸிய வச்சிட்டு அப்ளை பண்ணாதீங்க, சும்மா நேர விரயம்.

ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் மாதிரி இடங்கள்ல பிஎச்டிக்கு பெரும்பாலும் மாஸ்டர்ஸ் கேப்பாங்க, ஆனா பிஎச்டி பண்றவங்கள வேலையாளா எடுத்து சம்பளம் குடுப்பாங்க, ஜெர்மனில பல லெப்ல முழு சம்பளத்துல நூத்துக்கு 65ன்னு கொன்ட்ராக்ட் இருக்கும், தனியா இருந்தா அது தாராளமா போதும். அமெரிக்கால நாலு வருச ஸ்பெஷல் டிகிரியோட நேரா பிஎச்டிக்கு போகலாம், பெரும்பாலும் நவம்பர் டிசம்பர்ல அப்ளிகேசன் மூடிடும், அப்ளிகேசனுக்கு காசு இருக்கு, ஆனா தள்ளுபடி தாங்கன்னு எழுதி கேட்டா நிறைய இடத்துல தருவாங்க. கேக்க வெக்கப்படாதீங்க. இங்கிலாந்துல ஒரு பொறி இருக்கு: ஸ்கொலர்ஷிப்னு போட்டிருக்கும், கீழ சின்ன எழுத்துல உள்நாட்டு பிள்ளைகளோட ஃபீஸ் மட்டும்தான்னு இருக்கும், மிச்ச வித்தியாசத்த நீங்க கட்டணும், அது நம்ம வீட்டையே வித்தாலும் கட்ட ஏலாத தொகை. லயத்து வீட்ட, அதாவது தோட்டத்து வரிசை வீட்ட, விக்கவும் ஏலாது, அது வேற கதை.

மாஸ்டர்ஸ் இல்லாதவங்க பேராதெனியல இருக்கிற விஞ்ஞான பட்டப்பின் படிப்பு நிறுவனத்த பாருங்க, வெளியில போகணும்னா டாட் (DAAD, ஜெர்மன் ஸ்கொலர்ஷிப்), கொமன்வெல்த், எராஸ்மஸ் முண்டுஸ் (ஐரோப்பிய ஸ்கொலர்ஷிப்) மூணுக்கும் இலங்கைல இருந்து அப்ளை பண்ணலாம்.

அடுத்தது தகுதி லிஸ்ட். கட்டாயம்னு ஒண்ணு இருக்கும், இருந்தா நல்லம்னு ஒண்ணு இருக்கும். கட்டாயத்துல இருக்கிறதுல பெரும்பகுதி உங்ககிட்ட இருந்தா அப்ளை பண்ணுங்க, எல்லாமே இருக்கணும்னு காத்துட்டு இருந்தா பேரப்பிள்ளை வந்துரும். நம்ம பொம்பளப்பிள்ளைங்கதான் இதுல ரொம்ப மோசம், பத்துல ஒன்பது இருந்தும் அந்த ஒண்ண நினைச்சே மூடி வச்சிருவாங்க, நானும் அப்படி ரெண்டு விளம்பரத்த விட்டவதான்.

ஃப்ளோ சைட்டோமெட்ரின்னு போட்டிருந்தா திசுவ கரைச்சி செல்ல எடுத்து நிறம் போட்டு எண்ணுற வேலை. சிங்கிள் செல் சீக்வென்சிங்னு போட்டிருந்தா ஒவ்வொரு செல்லுலயும் எந்த ஜீன் வேலை செய்யுதுன்னு பாக்கிறது, பாதி நேரம் கொம்பியூட்டர். எலி வேலைன்னு இருந்தா அத பத்தி வீட்டுல முதலே கதைச்சிடுங்க. எங்கம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி, எலிய கொல்லுவியான்னு நேராவே கேட்டாங்க, ஆமாம்மான்னேன், ஒரு வாரம் சரியா முகம் குடுத்து பேசல. பிறகு அவங்களாவே, வலிக்காம செய்வீங்களான்னு கேட்டாங்க. வலிக்காம செய்றதுக்கு சட்டமும் பயிற்சியும் சோதனையும் இருக்குன்னு விளக்கினேன். உங்க மனசுக்கு எலி வேலை ஒத்து வராதுன்னா மனுச சாம்பிள்ல இல்ல டேட்டால வேலை செய்ற லெப் இருக்கு, அத தேடுங்க, அங்க போயிட்டு அழறதவிட அது நல்லம்.

3. அந்த வேலை ஒரு நாளைக்கு எப்படி இருக்கும்

ஆட்டுக்குடல் கழுவி கொழம்பு வச்ச வீட்டு பிள்ளைங்களுக்கு இது லேசா விளங்கும். எலியோட குடல எடுத்து ஒட்டியிருக்கிற கொழுப்ப சுத்தமா உரிக்கணும், கொழுப்பு மிச்சம் இருந்தா செல் எல்லாம் நாசம். பேயர்ஸ் பேட்ச வெட்டி தனியா வைக்கணும். நீளவாக்குல கீறி, கழுவி, சின்ன துண்டாக்கி, ஈடிடிஏ கலந்த தண்ணில 37 பாகைல குலுக்கினா மேல் படை கழண்டு வரும், அந்த படைக்குள்ள இருக்கிற லிம்ஃபோசைட் அதோட வந்துரும். மிச்ச துண்ட கொலாஜினேஸ், டிஎன்ஏஸ்னு ரெண்டு நொதி போட்டு கரைச்சா லேமினா புரோப்ரியா செல் வரும். வடிகட்டி, தேவைன்னா நூத்துக்கு 40, 80ன்னு ரெண்டு அடர்த்தில பெர்கோல்ங்கிற திரவத்துல போட்டு மெசின்ல சுத்தி நடுவுல நிக்கிற படைய எடுக்கணும். பிறகு செத்த செல்ல காட்டுற டை, அன்டிபொடி தப்பான இடத்துல ஒட்டாம தடுக்கிற எஃப்சி பிளொக், அன்டிபொடி, கடைசில ஃப்ளோ மெசின். காலையில தொடங்கினா ராத்திரி ஆகிடும், நடுவுல எங்கயாவது அரை மணித்தியாலம் சுணங்கினா செல் செத்துடும். கொலாஜினேஸ்ல கூட நேரம் விட்டா செல்ல அடையாளம் காட்டுற சில மார்க்கர் புரோட்டீன் செல் மேல இருந்தே வெட்டுப்பட்டு போயிடும், அப்புறம் அந்த செல்லே இல்லன்னு நினைச்சி தப்பா எழுதிடுவோம்.

மூளைலயும் இதே மாதிரி எடுக்கணும், அங்க நரம்ப சுத்தி மைலின்னு ஒரு கொழுப்பு, அத நீக்கணும். சிடி11பி, சிடி45ன்னு ரெண்டு மார்க்கர்: சிடி11பி இருந்து சிடி45 நடுத்தரமா இருந்தா மூளையோட சொந்த எதிர்ப்பு செல்லான மைக்ரோக்ளியா, சிடி45 உச்சமா இருந்தா பெரும்பாலும் வெளிய இருந்து வந்த செல்.

அந்த வெளி ஆள் குடல்ல இருந்துதான் வந்தானான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கேடேன்னு ஒரு எலி வகை இருக்கு, அதோட செல் எல்லாம் பச்சையா மின்னும், ஊதா வெளிச்சம் பட்டா சிவப்பா மாறும். குடல மட்டும் திறந்து வெளிச்சம் அடிச்சிட்டு நாள் கழிச்சி மத்த உறுப்புல சிவப்பு செல் இருக்கான்னு பாக்கலாம். நான் முதல் தடவை இத வாசிச்சப்போ, பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் மீட்ல ஹவுஸ் கலர் ரிப்பன் கட்டி விட்ட மாதிரியே இருக்கேன்னு நினைச்சேன். இன்னொரு வழி குடலுக்கு போற செல் வச்சிருக்கிற ஆல்ஃபா4 பீட்டா7ங்கிற ஒட்டும் புரோட்டீன பாக்கிறது. அத தடுக்கிற வேடோலிசுமாப் குடல் அழற்சிக்கு குடுக்கிற மருந்து, ஆல்ஃபா4 இருக்கிற எல்லாத்தையும் தடுக்கிற நட்டாலிசுமாப் மல்டிபிள் ஸ்கிளரோசிஸுக்கு குடுக்கிறது. ஒரே குடும்பத்து பூட்டு, ஒண்ணு குடல் வாசல், மத்தது மூளை வாசலும் சேத்து.

4. இங்க இருந்துட்டே கையில என்ன சேக்கலாம்

ஃப்ளோ மெசின் நம்ம கெம்பஸ்ல தொட கிடைக்கலன்னா வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எனக்கும் கிடைக்கல. நான் காட்டினது எலைசா, பிசிஆர், ரத்த சிலைட், ஹீமோசைட்டோமீட்டர்ல செல் எண்ணினது, இவ்வளவுதான். ஆனா எத்தனை சாம்பிள், எத்தனை தடவை திருப்பி செஞ்சேன், எங்க பிழைச்சிச்சி, எப்படி சரி பண்ணினேன்னு எழுதினேன். எங்க ப்ரொஃபெசர் பிறகு சொன்னாரு, பிழைச்சத எழுதின ஒரே ஆள் நீதான்னு.

கண்டி பக்கம் இருக்கிறவங்க பேராதெனியலயும் ஹந்தானைல இருக்கிற அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்துலயும் ரிசர்ச் அசிஸ்டன்ட் இடம் வருதான்னு பாருங்க, ஆறு மாசம் செஞ்சாலும் ஒரு நல்ல ரெஃபரி கிடைப்பாரு, அது பேப்பர விட பெறுமதி. பதுளை பக்கத்து பிள்ளைங்க ஊவா வெல்லஸ்ஸ ஆக்கள்கிட்ட கேளுங்க.

வீட்டுல இருந்துட்டு செய்யக்கூடியது டேட்டா. பெரிய லெப்லாம் பேப்பர் போடும்போது அவங்க டேட்டாவ ஜியோ (GEO)ன்னு ஒரு பொது இடத்துல போட்டு வைக்கிறாங்க, யாரும் இலவசமா எடுக்கலாம். அத ஆராயிற ஆர் (R) மென்பொருளும் இலவசம். லெப்டொப் பழசுன்னா கூகுள் கொலாப், கேலக்ஸி ரெண்டும் அவங்க கொம்பியூட்டர்ல ஓடும், உங்களுக்கு பிரவுசர் போதும். நைட் டேட்டால டவுன்லோட் போட்டுட்டு தூங்குங்க. குடல் செல் டேட்டா ஒண்ண எடுத்து பேப்பர்ல போட்டிருக்கிற ஒரே ஒரு படத்த நீங்களா திருப்பி வரைஞ்சி பாருங்க, ஒரு மாசம் போகும், அழுகையும் வரும், ஆனா அப்ளிகேசன்ல அந்த ஒரு வரிக்கு பத்து ஒன்லைன் கோர்ஸ் சேர்டிபிகேட் ஈடாகாது. சேர்டிபிகேட் சேக்கிறது நம்மாளுங்களுக்கு ஒரு வியாதி.

5. ப்ரொஃபெசருக்கு ஈமெயில்

மதிப்புக்குரிய ஐயா, நான் சிறு வயசுல இருந்தே விஞ்ஞானத்துல ஆர்வம் உள்ளவ, உங்க புகழ்பெற்ற லெப்ல சேர ஒரு வாய்ப்பு தாங்க, இப்படி எழுதினா குப்பைக்குதான் போகும், அதே ஈமெயில் ஒரு நாளைக்கு நிறைய வரும் அவங்களுக்கு. 200 சொல்லுக்குள்ள இருக்கணும். முதல் வரில நீங்க யாரு, எந்த பதவிக்கு. அடுத்து அவங்க பேப்பர் ஒண்ணுல உங்களுக்கு வந்த ஒரு உண்மையான கேள்வி. நான் எழுதினது இதுதான்: நீங்க சின்னக்குடல்ல டி செல் கூடுதுன்னு காட்டியிருக்கீங்க, பெருங்குடல்ல கூடல, பக்டீரியா அதிகம் பெருங்குடல்லதானே, அப்ப ஏன்? அதுக்கு அவர் அன்னைக்கு ராத்திரியே, எங்களுக்கும் தெரியாது, பேசலாமான்னு ரெண்டு வரி பதில் போட்டாரு. மூணாவதா உங்க கையில இருக்கிற திறமை, நாலாவதா சிவி இணைச்சிருக்கேன், நன்றி. அவ்வளவுதான். பதில் வரலன்னா பத்து நாள் கழிச்சி ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல விட்ருங்க. நான் 31 பேருக்கு எழுதி 6 பேர்தான் பதில் போட்டாங்க.

6. சிவி, லெட்டர், பேரு

சிவி ரெண்டு பக்கம். போட்டோ, மதம், அப்பா தொழில் ஒண்ணும் வேணாம்.

லெட்டர்ல சொந்த கதை ரெண்டு வரி தாண்டக்கூடாது. நான் அம்மாயிய ஒரு வரில எழுதினேன். அடுத்த வரில தோட்டத்து புல்லுக்கு அடிச்ச மருந்த எழுதினேன். கிரமாக்சோன் டின் ஞாபகம் இருக்குதானே, எங்க மாமா அத முதுகுல கட்டிட்டு வெறுங்கையோட அடிச்ச ஆளு. அதுக்குள்ள இருக்கிற பராகுவாட் பார்க்கின்சன் அபாயத்தோட சம்பந்தப்பட்டதுன்னு வெளிநாட்டுல பல ஆய்வு சொல்லுது, 2011ல அமெரிக்க விவசாயிங்கள்ல செஞ்ச ஒண்ணுல பாவிச்சவங்களுக்கு சுமார் 2.5 மடங்கு. இலங்கைல அத 2008ல இருந்து 2011க்குள்ள படிப்படியா நிப்பாட்டினாங்க, ஆனா காரணம் நடுக்கம் இல்ல, அத குடிச்சி செத்தவங்க தொகை. மாமாவுக்கு இன்னைக்கு வரைக்கும் நடுக்கம் இல்ல, அதையும் எழுதினேன், ஏன்னா தொடர்பு இருக்குன்னா எல்லாருக்கும் வரும்னு அர்த்தம் இல்லைன்னு எனக்கு தெரியும்னு காட்டத்தான்.

இப்ப நம்ம ஆக்களுக்கே உள்ள தலையிடி, பேரு. பிறப்பு அத்தாட்சி பத்திரத்துல ஒரு எழுத்து, ஐடென்டிட்டி கார்ட்ல ஒரு எழுத்து, ஏ.எல் சேர்டிபிகேட்ல இன்னொண்ணு. எங்கப்பா பேர பதிஞ்சவங்க காதுல கேட்ட மாதிரி எழுதிட்டாங்க, அதனால என் இனிசியல் ரெண்டு பத்திரத்துல ரெண்டு விதமா இருந்திச்சி, வெளிநாட்டு ஃபோர்ம்ல குடும்பப்பேருன்னு வேற கேப்பான், நமக்கு குடும்பப்பேரே இல்ல. செய்ய வேண்டியது: பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே எல்லா இடத்துலயும் போடுங்க, சிவி, ஈமெயில், ரெஃபரி லெட்டர் எல்லாத்துலயும். பத்திரங்கள்ல வித்தியாசம் இருந்தா ரெண்டும் ஒரே ஆள்தான்னு சத்தியக்கடதாசி முடிச்சி வைங்க, தமிழ் சிங்கள பத்திரங்கள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கிட்ட குடுத்து இங்கிலீஸ்ல எடுங்க. இத ஓஃபர் வந்த பிறகு தொடங்கினா மூச்சு முட்டும். இப்பவே தொடங்குங்க.

ரெஃபரி ரெண்டு மூணு பேர் வேணும். பெரிய பதவில இருக்கிற உங்கள தெரியாத ஆள விட, உங்க கை வேலைய பாத்த டெமோ (ப்ராக்டிகல் சொல்லித்தர்ற உதவி ஆசிரியர்) எவ்வளவோ மேல், அவரோட சேத்து ஒரு சீனியர் லெக்சரர். மூணு கிழமைக்கு முந்தி கேளுங்க, சிவியும் விளம்பரமும் அனுப்புங்க.

ஐஇஎல்டிஎஸ்: கேட்டா எழுதுங்க, சில இடத்துல இங்கிலீஸ் மீடியத்துல படிச்சேன்னு கெம்பஸ் லெட்டர் குடுத்தா போதும்.

7. ஏஜென்சி

தேவை இல்ல. ஒரு டவுன்ல ஒரு ஒஃபிஸ்ல பிஎச்டி எடுத்து தாரோம்னு என்கிட்ட மூணு லட்சம் கேட்டாங்க, அப்பா சங்கத்துல லோன் எடுக்க ரெடியாகிட்டாரு. லெப்புக்கு ஆள் எடுக்கிறது ப்ரொஃபெசர், அவர் யாருக்கும் கொமிசன் குடுக்கிறதும் இல்ல, வாங்கிறதும் இல்ல.

8. இன்டர்வியூ

இடத்த முதல்ல பாருங்க. ஜூன் ஜூலைல நம்ம பக்கம் காத்து மழைக்கு கரண்ட் போகும், சிக்னலும் போகும். நான் ஹட்டன் டவுன்ல ஒரு ஃப்ரெண்ட் வீட்டுல, ரெண்டு நெட்வொர்க் சிம்மோட உக்காந்தேன். நேரம் கவனம், ஜெர்மனி நம்மள விட கோடைல மூன்றரை மணித்தியாலம், குளிர்காலத்துல நாலரை மணித்தியாலம் பின்னால.

பத்து நிமிசம் உங்க ரிசர்ச்ச சொல்ல சொல்லுவாங்க. பிறகு கேள்வி. என்கிட்ட கேட்டதுல ஒண்ணு: நோய் எலியோட குடல்ல டி செல் நூத்துக்கு 20ல இருந்து 30 ஆச்சி, என்ன நடந்திருக்கும்? டி செல் கூடிச்சின்னு பாய்ஞ்சி சொன்னா அவுட். பி செல் குறைஞ்சாலும் டி செல்லோட வீதம் கூடும், அதனால மொத்த எண்ணிக்கை பாக்கணும். திசு கரைச்சது சமமா வந்திச்சான்னு பாக்கணும். நோய் எலியும் நல்ல எலியும் ஒரே கூட்டுல இருந்திச்சான்னு கேக்கணும், ஏன்னா எலி ஒண்ணு மத்ததோட புழுக்கைய சாப்பிடும், ஒரே கூட்டுல இருந்தா பக்டீரியா ஒண்ணாகிடும், தனி கூட்டுல இருந்தா நோயால வந்த வித்தியாசமா கூட்டால வந்த வித்தியாசமான்னு தெரியாது. ஒரே தாய்க்கு பிறந்த குட்டிங்கள ஒப்பிட்டீங்களான்னு திருப்பி கேட்டேன். ஸ்கிரீன்ல ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

தெரியாததுக்கு தெரியாது, ஆனா இப்படி தேடி பாப்பேன்னு சொல்லுங்க. நம்ம பள்ளிக்கூடத்துல தெரியாதுன்னா அடி விழும், அங்க தெரியாதத தெரியும்னா தான் விழும்.

நீங்களும் கேளுங்க: யாரு எனக்கு கைபிடிச்சி காட்டுவாங்க, காசு எத்தனை வருசத்துக்கு இருக்கு, முன்ன இருந்த பிஎச்டி பிள்ளைங்க இப்ப எங்க. முடிஞ்சா லெப்ல இருக்கிற பிள்ளை ஒண்ணோட தனியா கதைக்கணும்னு கேளுங்க. வேணாம்னாங்கன்னா அந்த லெப்ப பத்தி ரெண்டு தடவை யோசிங்க.

9. கிடைச்சிச்சின்னா

கொன்ட்ராக்ட் வந்த பிறகுதான் விசா. சம்பள கொன்ட்ராக்ட் இருந்தா மாணவ விசாவுக்கு காட்டுற மாதிரி பேங்க்ல பெரிய தொகைய முடக்க தேவை வராது. டிக்கட் காசு தருவாங்களான்னு கேளுங்க, சில லெப் தரும். ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்ட கார்ட்ட எடுத்துட்டு போங்க. குளிருக்கு பயப்படாதீங்க, நுவரெலியா ஜனவரில பச்சத்தண்ணில குளிச்ச நமக்கு அங்க வீட்டுக்குள்ள வேர்க்கும்.

போன உடனே எலிய தர மாட்டாங்க. விலங்கு பயிற்சி கோர்ஸ் முடிச்சி பாஸ் ஆகணும், அதுவரைக்கும் மத்தவங்க செய்றத பக்கத்துல நின்னு பாக்கிறதுதான். அந்த நாள் வீணாகுதுன்னு நான் முதல்ல நினைச்சேன். பிறகு ஒரு சீ.ஆர் கொப்பில (தடிச்ச நோட்டு) எழுத தொடங்கினேன், ஈடிடிஏல எத்தனை நிமிசம் குலுக்கினாங்க, குலுக்கி முடிச்சப்போ தண்ணி எவ்வளவு கலங்கியிருந்திச்சி, எந்த கொலாஜினேஸ் போத்தல், அன்னைக்கு செல் எத்தனை வந்திச்சி, எத்தனை உயிரோட இருந்திச்சின்னு. ரெண்டாவது மாசம் லெப் பூரா செல் குறைய தொடங்கிச்சி, ஒருத்தருக்கும் ஏன்னு தெரியல, கொப்பிய புரட்டி பாத்தா புது போத்தல் திறந்த நாள்ல இருந்துதான். நீங்களும் ஒரு கொப்பி கொண்டு போங்க, அங்க அது விலை ரொம்ப கூட.